பயம் போக்க ஒரு பிஸ்கட் போதுமா?

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும். தெருமுனையில் ஒரு சிறுவன் சோதனைக்கு ஒரு லட்சுமி வெடியைக் கொளுத்திப் பார்ப்பான். அடுத்த நொடி வீட்டுக்குள் படுத்திருந்த நாய் எழுந்து நிற்கும். காது பின்னால் மடியும். வால் பின்னங்கால்களுக்கு நடுவே போய் ஒட்டிக்கொள்ளும். ஃபேன் ஓடுகிற அறையில், ஓடாமல் ஆடாமல் நிற்கிற நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். இரண்டாவது வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மூன்றாவது வெடிக்குக் குளியலறை மூலையில், பக்கெட்டுக்குப் பின்னால் ஒடுங்கியிருக்கும். பூனையோ சத்தமே காட்டாது. அலமாரியின் மேல்தட்டில் ஏறிக்கொண்டு, தட்டில் வைத்த மீனைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் கிடக்கும்.

இப்படித் தவிக்கும் செல்லங்களுக்கென்றே ஒரு பொருள் பெட் ஷாப் அலமாரிகளுக்கு வந்திருக்கிறது. ‘கால்மிங் ட்ரீட்’ என்று பெயர். கோழி, ஈரல் சுவையில், மெத்தென்று கடிக்கும்படி செய்த சிறு துண்டுகள். உடல் எடைக்குத் தக்கபடி ஒன்றோ இரண்டோ கொடுத்தால் பதற்றம் தணியும் என்கிறது டப்பா. வெடிச்சத்தம், இடி, கார் பயணம், வீடு மாறுதல், ஊசி போடப் போகும் நாள், ஆள் இல்லாத வீட்டில் தனியே கழிக்கும் பகல் என எல்லாவற்றுக்கும் இதையே சிபாரிசு செய்கிறார்கள்.

இது வெறும் ஏமாற்றா என்றால், இல்லை. இதில் சேர்க்கும் சில பொருள்களுக்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. இது மட்டும் போதுமா என்றால், பெரும்பாலும் போதாது. லேசான பயத்தைக் கொஞ்சம் தணிக்கும்; கடும் பயத்தை அசைக்கக்கூட முடியாது. நாயின் வாய்க்குள் போகும் துண்டில் என்ன கலந்திருக்கிறது என்பதைவிட, அதை எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பதுதான் பல நேரங்களில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. நாய், பூனை வளர்க்கும் ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

செல்லம் கொடுத்ததால் வந்த பயமா?

“எங்க வீட்டு நாய் ரொம்பச் செல்லம், அதான் பயப்படுது” என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் வெடிக்கு நடுங்கும் நாய்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. பின்லாந்தில் 13,700-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு நடத்திய பெரிய ஆய்வு 2020-ல் வெளியானது. அதில் அதிகம் காணப்பட்ட பதற்றம் சத்தத்துக்குப் பயப்படுவதுதான். 100-க்கு 32 நாய்களுக்கு அது இருந்தது.

அவற்றின் காது அப்படி. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு சுமார் 45,000, பூனைக்கு சுமார் 64,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்குக் கேட்காத சீறலும் கீச்சொலியும்கூட அவற்றின் காதில் விழுகின்றன. இதோடு, அடுத்த சத்தம் எப்போது வரும், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ஊகிக்க வழியில்லை. உடம்பில் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஏறுகின்றன. ஓடு, ஒளி என்கிறது உடம்பு, கதவு பூட்டியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இதே அனுபவம் திரும்பினால் பயம் பழகிப்போவதில்லை, முற்றுகிறது. முதல் வருடம் வெடிக்கு மட்டும் அஞ்சிய நாய் மறுவருடம் இடிக்கும், அதற்கடுத்த வருடம் குக்கர் விசிலுக்கும் அஞ்சத் தொடங்கலாம்.

சில நாய்களுக்கு இந்தப் பயம் நடுவயதில் திடீரென்று வரும். அப்போது மனதோடு உடம்பையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சத்தத்துக்குப் பயப்படும் நாய்களில் சிலவற்றுக்கு மூட்டு, தசை வலி மறைந்திருப்பதைக் காட்டியது. சத்தம் கேட்டுத் திடுக்கிடும்போது தசைகள் இறுகும். ஏற்கெனவே வலிக்கும் இடத்தில் வலி கூடும். நாய் அந்த வலியைச் சத்தத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் தந்த விளக்கம். இடுப்பு மூட்டு தேய்ந்த நாய்க்குக் கால்மிங் ட்ரீட் கொடுத்து என்ன பயன்? அதற்குத் தேவை வலிக்கான சிகிச்சை.

பூனைகளில் பதற்றம் வேறு முகம் காட்டும். மணல் தட்டை விட்டுச் சோபாவில் சிறுநீர் கழிக்கும். வயிற்றுப் பக்கம் முடி கொட்டும்வரை நக்கிக்கொண்டே இருக்கும். மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை வீங்குவதும் பூனைகளில் வழக்கமான நோய். ஆண் பூனைக்கு அப்போது சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்து. முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராத ஆண் பூனையை ட்ரீட் கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியலில் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, எல்-தியனைன். தேயிலையில் உள்ள அமினோ அமிலம் இது. 1949-ல் ஜப்பானின் கியோட்டோவில் பச்சைத் தேயிலையில் இதைக் கண்டறிந்தார்கள். மூளையில் கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட்டின் வேகத்தை இது சற்றுக் குறைக்கிறது. தூக்கம் வராமல் படபடப்பு மட்டும் தணிவது இதன் சிறப்பு. தேயிலையில்தானே இருக்கிறது என்று நாய்க்கு டீ கொடுத்துவிடக் கூடாது. டீயில் உள்ள காஃபின் நாய், பூனைகளுக்கு நஞ்சு.

இரண்டாவது, ஆல்ஃபா-கேசோசெபின். பாலில் உள்ள கேசீன் புரதத்தை நொதியால் உடைக்கும்போது கிடைக்கும் சிறு துண்டு. பால் குடித்த பச்சைக்குழந்தை கண்சொக்கிப் படுப்பதைப் பார்த்துத்தான் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைத் தேடிப் போனார்கள். மூளையில் அமைதிப்படுத்தும் வேலையைச் செய்யும் காபா ஏற்பிகளில் இது போய் ஒட்டுகிறது. ‘ஸில்கீன்’ என்ற பெயரில் கேப்ஸ்யூலாக வருவது இதுதான். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைச் சாப்பாட்டில் தூவிக் கொடுக்கலாம். கிண்ணம் நிறையப் பால் ஊற்றினால் இந்தப் பலன் வராது. வளர்ந்த நாய், பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்குதான் வரும்.

மூன்றாவது, டிரிப்டோஃபேன். உடம்பு இதைக்கொண்டுதான் செரடோனினைத் தயாரிக்கிறது. மற்ற அமினோ அமிலங்களோடு போட்டி போட்டுத்தான் இது மூளைக்குள் நுழைய வேண்டும். கறி நிறையச் சாப்பிட்ட வயிற்றில் போட்டி கடுமை. அதனால் ஒரு துண்டில் வரும் கொஞ்சம் டிரிப்டோஃபேன் உடனடியாகப் பெரிய மாற்றம் எதையும் செய்துவிடாது.

இவை தவிர மெலடோனின், வைட்டமின் பி1, கெமோமில் பூ, வலேரியன் வேர், நம்மூர் அமுக்கராக் கிழங்கு, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி என்று பட்டியல் நீளும். குடல் நுண்ணுயிரிகளைக்கொண்டு பதற்றத்தைக் குறைக்கும் முயற்சியும் நடக்கிறது. பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்ற நுண்ணுயிரியின் ஒரு வகையை ப்யூரினா நிறுவனம் பொடியாக விற்கிறது. பதற்றமான 24 லேப்ரடார் நாய்களிடம் அந்த நிறுவனமே நடத்திய சோதனை அதற்கு அடிப்படை. அதைத் தினமும் கொடுத்தாலும் பலன் தெரிய ஆறு வாரம்வரை ஆகும்.

மூலிகை என்றாலே பூனையைச் சாந்தப்படுத்தும் என்று நினைப்பதும் தவறு. குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் அதில் புரண்டு கிறங்குவதைக் கிராமத்தில் பார்த்தவர்கள் உண்டு. கடையில் விற்கும் கேட்னிப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. வலேரியன் வேரும் பல பூனைகளுக்கு அப்படியே கிளர்ச்சியூட்டும். பயந்து நடுங்கும் பூனைக்கு வேண்டியது இந்தக் கிறக்கம் அல்ல.

ஆய்வுகள் சொல்லும் தீர்ப்பு

ஆல்ஃபா-கேசோசெபினுக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. 2007-ல் பிரெஞ்சு மருத்துவர் கிளோட் பேயாட்டா தலைமையில் வெளியான ஆய்வில், பதற்றமான 34 பூனைகளில் ஒரு பகுதிக்கு இதையும் மறு பகுதிக்கு வெற்றுப் பொடியையும் 56 நாட்கள் கொடுத்தார்கள். இதைச் சாப்பிட்ட பூனைகளிடம் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. எல்-தியனைனுக்கும் இப்படிச் சில சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை சில பத்து விலங்குகளோடு, தயாரிப்பாளர்களின் தொடர்போடு நடந்தவை என்பதை மறக்கக் கூடாது.

சிபிடி விஷயத்தில் விளம்பரம் ஓடும் வேகத்துக்கு ஆய்வு ஓடவில்லை. அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், சிபிடி கலந்த ட்ரீட்டை ஒரு வாரம் கொடுத்து, பிறகு பட்டாசுச் சத்தத்தின் பதிவை நாய்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ட்ரீட் பயத்தைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அதிக அளவில் ஒரே தடவை கொடுத்துப் பார்த்த பிந்தைய ஆய்வில், தனிமையிலும் கார் பயணத்திலும் ஓரளவு பலன் தெரிந்தது. கடையில் விற்கும் துண்டில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கதை.

“எங்க வீட்டில் கொடுத்தோம், நல்லா வேலை செஞ்சுது” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 2008-ல் இங்கிலாந்தில் கிராக்னெல் என்ற ஆய்வாளரும் முன்பு சொன்ன மில்ஸும் பட்டாசுக்குப் பயப்படும் 75 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றுக்கு ஹோமியோபதி மருந்து, சிலவற்றுக்கு வெற்றுத் திரவம். யாருக்கு எது போகிறது என்று வளர்ப்பவருக்கும் தெரியாது, ஆய்வாளருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு குழுக்களிலும் நாய் தேறிவிட்டதாகவே வளர்ப்பவர்கள் சொன்னார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மருந்து கொடுத்த நிம்மதியில் நம் கண்ணே மாறிவிடுகிறது. நாய் நடுங்குவது நின்றிருக்காது. நாம் அதைக் கவனிப்பது குறைந்திருக்கும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ரீமர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது. பட்டாசுக்குப் பயப்படும் நாய்க்கு என்னென்ன செய்தீர்கள், எது பலித்தது என்று 1,225 பேரிடம் கேட்டார். சத்துத் துண்டுகள், மூலிகை, ஹோமியோபதி, பூ மருந்து, வாசனைத் திரவங்கள், ஃபெரோமோன் எல்லாம் 27 முதல் 35 சதவீதம் பேருக்குத்தான் பலித்திருந்தன. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டை 44 சதவீதம் பேருக்கு. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகள் 69 சதவீதம் பேருக்கு.

பட்டியலில் முதலிடம் பிடித்ததற்கு எந்தக் கடைக்கும் போக வேண்டாம். வெடிச்சத்தம் கேட்டவுடனே நாய்க்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுப்பது, அல்லது அதோடு விளையாடுவது. இதைச் செய்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பலித்தது என்றார்கள்.

ஈரல் துண்டும் சரியான நொடியும்

இதைச் செய்யும் முறை எளிது. ஒழுங்கு தவறக் கூடாது என்பதுதான் முக்கியம்.

உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் கோழி ஈரலையோ கோழிக்கறியையோ வேகவைத்துச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில் இது நாய்க்குக் கிடைக்கவே கூடாது. வெளியே ஒரு சத்தம் கேட்கிறது. கேட்ட மறுநொடி, நாய் என்ன செய்துகொண்டிருந்தாலும், ஒரு துண்டு வாய்க்கு நேரே போக வேண்டும். உட்காரச் சொல்ல வேண்டாம், கை கொடுக்கச் சொல்ல வேண்டாம். சத்தம் முதலில், ஈரல் பிறகு. இந்த வரிசை மாறவே கூடாது. ஈரலை முதலில் நீட்டி, நாய் வாய் வைக்கும்போது வெடி வெடித்தால் பாடம் தலைகீழாகிவிடும். ஈரலைப் பார்த்தாலே நாய் பயப்படத் தொடங்கும். வரிசை சரியாக இருந்தால், ‘டமார்’ என்றதும் எஜமானரின் கையைப் பார்க்க நாய் பழகிக்கொள்ளும்.

பயந்த நாயைத் தட்டிக்கொடுத்தால், தின்னக் கொடுத்தால் பயம் வளரும் என்ற பழைய எண்ணத்தை இன்றைய விலங்கு நடத்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை. பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் சொல்வதால் பயம் வளர்வதில்லை. நாய் மடியில் வந்து படுத்தால் படுக்க விடலாம். ஒளிந்துகொள்ளப் போனால் போக விடலாம். இழுத்து வெளியே கொண்டுவருவதுதான் தவறு.

ஈரலை முகர்ந்துகூடப் பார்க்காமல் நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதையும் கவனிக்க வேண்டும். பயம் எல்லை மீறிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்த நிலையில் கால்மிங் ட்ரீட்டும் உள்ளே போகாது. அதனால்தான் எந்தத் துண்டாக இருந்தாலும் சத்தம் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். உடனடிப் பலனுக்கான துண்டுகளைப் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுக்கச் சொல்வார்கள். ஆல்ஃபா-கேசோசெபினை ஓரிரு நாள் முன்பிருந்தே தொடங்க வேண்டும்.

பண்டிகைக்கு இன்னும் வாரங்கள் இருந்தால் சத்தத்துக்கே பழக்கலாம். பட்டாசுச் சத்தத்தின் பதிவை மொபைலில், நாய் காதைக்கூட அசைக்காத அளவு மெதுவாகப் போட்டு, கூடவே ஈரல் துண்டுகளைக் கொடுத்து, சில நிமிடங்களில் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். ஒலியை நாளுக்கு நாள் இம்மியளவு கூட்ட வேண்டும். நாய் நிமிர்ந்து பார்த்துப் பதறினால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். குட்டிகளுக்கு இது இன்னும் சுலபம். பிறந்த 3-வது வாரத்திலிருந்து 12 முதல் 14-வது வாரம்வரை நாய்க்குட்டியின் மூளை உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். பூனைக்குட்டிக்கு 2-லிருந்து 7-வது வாரம்வரை. அந்த நாட்களில் மிக்ஸி, குக்கர், இடி, வெடி எல்லாவற்றையும் மெதுவான சத்தத்தில் தின்பண்டத்தோடு அறிமுகப்படுத்தினால் பின்னால் வரும் தொல்லை பெருமளவு குறையும்.

பூனைக்கு வேறு அணுகுமுறை வேண்டும். வேண்டாத எதையும் அதன் வாயில் திணிக்க முடியாது. திணித்தால் அதுவே புதிய பயம். பூனைக்கு முதல் மருந்து ஒளிவிடம். ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, நுழைவாயில் வெட்டி, உள்ளே அது வழக்கமாகப் படுக்கும் பழந்துணியைப் போட்டு, வீட்டின் நடு அறையில் வைத்தால் போதும். மருத்துவரிடம் கொண்டுபோகும்போதுதான் பதற்றம் என்றால், கூண்டைப் பயண நாளில் பரணிலிருந்து இறக்காமல் எப்போதும் கூடத்தில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே தினமும் ஒரு துண்டு மீனை வைத்துப் பழக்கலாம். அப்படியும் முடியாத பூனைகளுக்குக் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஒரு தடவை கபாபென்டின் என்ற மருந்தைக் கொடுத்தால் பதற்றம் குறைகிறது என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 20 பூனைகளோடு நடந்த ஆய்வு 2017-ல் காட்டியது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் போவது தோல்வி அல்ல

கதவைப் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொள்ளும் நாய், மாடியிலிருந்து குதிக்கப் பார்க்கும் நாய், நாள் முழுக்கச் சாப்பிடாத நாய், தனியே விட்டால் ஊளையிட்டு வாசல் கதவைக் கடித்துக் குதறும் நாய், இவற்றுக்குத் தின்பண்டம் போதாது. பயமும் ஒரு நோய்தான், அதற்கு மருந்தும் இருக்கிறது. நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கு குளோமிப்ரமினை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1998-லும், ஃப்ளூவாக்ஸெடினை 2007-லும் அங்கீகரித்தது. ஈறில் தடவும் டெக்ஸ்மெடடோமிடின் ஜெல் 2015-ல் சத்தப் பயத்துக்கென்றே அங்கீகாரம் பெற்றது. ரீமரின் ஆய்வில் மருந்துகளைத் தனித்தனியே பார்த்தபோது, அல்பிரசோலம் கொடுத்தவர்களில் 91 சதவீதம் பேர் பலன் சொன்னார்கள்.

பேர் தெரிந்துவிட்டது என்று மெடிக்கலில் தாமாகவே வாங்கிக் கொடுப்பது பேராபத்து. எடை, வயது, கல்லீரல், இதயம், ஏற்கெனவே சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் பார்த்துத்தான் அளவு முடிவாகும். செரடோனினைக் கூட்டும் மருந்து சாப்பிடும் நாய்க்கு அது தெரியாமல் டிரிப்டோஃபேன் துண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நடுக்கமும் காய்ச்சலும் வலிப்பும்கூட வரலாம். ‘மயக்கமாகப் படுக்கிற மாதிரி ஏதாவது கொடுங்க’ என்று கேட்பதும் சரியில்லை. அசிப்ரோமசின் போன்ற பழைய மருந்து உடம்பைத்தான் சாய்க்கும். நாய் அசையாமல் கிடக்கும். உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

மனிதர்களுக்கான பொருள்களில் இன்னும் பெரிய அபாயங்கள் உண்டு. பாரசிட்டமால் பூனையைக் கொல்லும். சர்க்கரை சேர்க்காத மிட்டாய்களிலும், மனிதர்களுக்கான சில மெலடோனின் கம்மிகளிலும், சில மருந்துத் திரவங்களிலும் உள்ள சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும். தீபாவளி வீட்டில் சாக்லேட்டும் பாயசத்துத் திராட்சையும் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

கால்மிங் ட்ரீட் வாங்குவதாக இருந்தால் டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் ஒரு துண்டில் எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா? ஆல்ஃபா-கேசோசெபின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் கொடுக்கப்படுகிறது. 30 கிலோ லேப்ரடாருக்கு 450 மில்லிகிராம் வேண்டும். அளவே சொல்லாமல் ‘சிறப்புக் கலவை’ என்று மட்டும் போட்டிருக்கும் டப்பாவில் அது இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவிலேயே இப்படிப்பட்ட சத்துத் துண்டுகள் விற்பனைக்கு வருமுன் மருந்தைப்போல் பலனை நிரூபித்து அனுமதி பெறுவதில்லை. அதனால், பொருளின் பெயரும் அளவும் தெளிவாக உள்ள ஒன்றைத் தேர்ந்து, பட்டியலை மொபைலில் படமெடுத்து உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குவதே சரி. புதிய துண்டையோ மருந்தையோ பண்டிகை நாளில் முதன்முதலாகக் கொடுக்கக் கூடாது. சத்தமில்லாத ஒரு நாளில் ஒருமுறை கொடுத்து, எப்படி இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மணி நேரம்

2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க நேரக் கட்டுப்பாடு விதித்தது. அதன்படி தமிழக அரசு குறித்த நேரம் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பும் வெடிகளுக்கு 1999 முதலே தடை இருக்கிறது. இந்த விதிகளை எல்லாத் தெருக்களும் மதித்தால் செல்லங்களின் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். நேரம் முன்கூட்டியே தெரிவதால் வீட்டிலும் திட்டமிடலாம். விடியுமுன் 5 மணிக்கே நாயை வெளியே கூட்டிப்போய் வந்துவிடலாம். மாலைச் சாப்பாட்டை 6 மணிக்குள் முடித்து, ஜன்னல்களை அடைத்து, திரையை இழுத்துவிட்டு, டிவியையோ பாட்டையோ ஓடவிடலாம். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும். வெடிக்குப் பயந்து கண்மண் தெரியாமல் ஓடிய நாய்க்கு வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியாது.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. வனத்துறையினர் ஊருக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கோ தூரதேசத்திலிருந்து பறந்து வரும் பறவைக்காக இதைச் செய்ய முடிகிறதென்றால், நம் தெரு நாய்க்காக நம்மால் முடியாதா?

கால்மிங் ட்ரீட் வாங்கிக் கொடுக்க யாரும் இல்லாத உயிர்கள் தெருவில் இருக்கின்றன. இந்தத் தீபாவளிக்கு அபார்ட்மென்ட்காரர்கள் பார்க்கிங் மூலையில் இரண்டு பழைய சாக்கை விரித்து, மாலை 6 மணிக்குள் தெரு நாய்களுக்குச் சோறு வைத்து, இரவு முழுக்க அவற்றை விரட்டாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் காலண்டரில் தீபாவளியைப் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு தேதியை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அன்று செல்லத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ட்ரீட் போதுமா, மருந்து வேண்டுமா என்று அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள். மறுநாளிலிருந்து ஈரல் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.